ஏரிக்கரை வழியே பள்ளிக்கூடத்துக்கு

திரௌபதிக்கு வேகமாக நடக்கத் தெரியும். அதைத் தவிர தனக்கென்று ஒரு திறமையும் கிடையாது என்றுதான் அவள் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தாள்.

கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் பிறந்தவள். எட்டாம் வகுப்பு வரை உள்ளூரிலேயே பள்ளிக்கூடம் இருந்ததால் படித்தாள். ஒன்பதாவதுக்கு வெளியூர் போகவேண்டும். அவளை யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை, படிக்கக்கூடாது என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. ஜூன் மாதம் வந்தது. அண்ணன் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினான். அவளை வேர்க்கடலை போட்டிருந்த மல்லாட்டைக் கொல்லைக்குக் களை எடுக்க அழைத்துப் போனார்கள். அவ்வளவுதான். அதில் அழுவதற்கு ஏதாவது இருக்கிறது என்றுகூட அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

கல்யாணமாகி வந்த ஊர் கல்லேரிமேடு. வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசைத் தாண்டி, பிளாட் போட்டுக் கல் நட்ட நிலங்களையெல்லாம் கடந்து, ஏரிக்கரை மேல் ஏறி இறங்கினால் வரும். மெயின் ரோட்டிலிருந்து முக்கால் மணி நேர நடை. ஊருக்கு ஒரு டவுன் பஸ் உண்டு. காலையில் அது வந்து சேரும்போது பள்ளிக்கூடத்தில் முதல் பாடம் முடிந்திருக்கும். சாயங்காலம் பள்ளிக்கூடம் விடுவதற்குள் அது திரும்பிப் போயிருக்கும். கணவன் சுப்பிரமணி கொத்தனார். மூத்தவன் பாலாஜி, அடுத்தது கவிநிலா.

கல்லேரிமேட்டிலும் எட்டாவது வரைதான் பள்ளிக்கூடம். அதற்கு மேல் திருவண்ணாமலை டவுனுக்குப் போகவேண்டும். பாலாஜி கூட்டாளிகளோடு யார் பைக்கிலாவது தொற்றிக்கொண்டு போய்ப் படித்தான். கவிநிலா ஒன்பதாவது சேர்ந்ததும் ஊரிலிருந்த மற்ற நான்கைந்து பெண்பிள்ளைகளோடு ஏரிக்கரை வழியாக மெயின் ரோடு வரை நடந்து போய் பஸ் பிடித்தாள். ஆடி மாதம் ஒருநாள் சாயங்காலம், கரையோரம் குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் பைக்கில் பின்னாலேயே வந்து, ஒரு பெண்ணின் துப்பட்டாவைப் பிடித்து இழுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார்கள். பெண்கள் ஓடிவந்து வீட்டில் சொன்னார்கள். மறுநாள் காலை ஒரு வீட்டிலிருந்தும் ஒரு பெண்ணும் வெளியே வரவில்லை. இழுத்தவர்கள் யார் என்று எல்லோருக்கும் தெரியும். அவர்களை யாரும் வீட்டில் உட்கார வைக்கவில்லை. அதே பாதையில் பாலாஜி எப்போதும்போல் போய் வந்தான்.

கவிநிலா பதினைந்து நாளுக்கும் மேல் வீட்டில் இருந்தாள். அழவில்லை, கேட்கவில்லை. பாத்திரம் தேய்த்தாள், தண்ணீர் பிடித்தாள், ஆட்டுக்குத் தழை ஒடித்துப் போட்டாள். வேலை சுத்தமாக இருந்தது. ஒருநாள் மத்தியானம் அவள் வாசல் பெருக்குவதைத் திரௌபதி பார்த்துக்கொண்டிருந்தாள். குனிந்த முதுகு. எந்த அவசரமும் இல்லாத கை. இனிமேல் இதுதான் என்று ஒப்புக்கொண்டுவிட்ட ஒரு நிதானம். இத்தனை வருஷம் கழித்து, அந்த மல்லாட்டைக் கொல்லையில் தான் எப்படி நின்றிருப்போம் என்பது அவளுக்குத் தெரிந்தது.

அன்று ராத்திரி சாப்பாடு போட்டுக்கொண்டே கணவனிடம் சொன்னாள்.

"நாளையிலருந்து நானே இவள இட்டுக்கினு போறேன்."

"வேலைக்கு இன்னா பண்ணுவ?"

"வேங்கிக்கால்ல ஒரு மெஸ்ல ஆள் கேக்கறாங்க. காய் நறுக்கணும், பாத்திரம் தேய்க்கணும். காலையில இவள பஸ் ஏத்திட்டு அங்க போயிடறேன். சாயங்காலம் இவ வந்து எறங்கனதும் கூட்டிக்கினு வந்துடறேன்."

"கழனி வேலைய விட கம்மியா குடுப்பானே."

"கம்மிதான்."

சுப்பிரமணி சோற்றைப் பிசைந்து ஒரு வாய் போட்டுக்கொண்டான். பிறகு, "டார்ச் ஒண்ணு எடுத்துக்கோ. மழ நாள்ல சீக்கிரம் இருட்டிடும்" என்றான்.

முதல் இரண்டு நாள் தாயும் மகளும் மட்டும் போனார்கள். மூன்றாம் நாள் தண்ணீர் டேங்க் பக்கத்தில் ஆதிலட்சுமி தன் மகள் அபிநயாவோடு நின்றுகொண்டிருந்தாள். அபிநயாவும் கவிநிலாவும் ஒரே வகுப்பு.

"நீ கூடப் போறேன்னா அவங்கப்பா அனுப்பறேங்கிறாரு" என்றாள் ஆதிலட்சுமி, யாராவது கேட்டுவிடப் போகிறார்கள் என்பதுபோல மெல்ல.

"வாடி" என்றாள் திரௌபதி.

அந்த வாரக் கடைசிக்குள் மற்ற பெண்களும் வந்துவிட்டார்கள். அடுத்த வருஷம் எட்டாவது முடித்தவர்கள் சேர்ந்துகொண்டார்கள். அதற்கடுத்த வருஷம் எழில் என்று ஒரு வாயாடி வந்தாள். அவள் வந்தபின் அந்த நடை முழுவதும் பேச்சாகவே இருந்தது. அந்த பைக்குக்காரர்கள் ஒருமுறை எதிரே வந்தார்கள். திரௌபதி ஒதுங்காமல் நடுப்பாதையில் நின்று, "இன்னா தம்பி, யாரைத் தேடற? பேரு சொல்லு, கூப்புடறேன்" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கேட்டாள். பின்னால் நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர்கள் அந்த நேரத்துக்கு அந்தப் பக்கம் வரவில்லை.

தான் செய்வது பெரிய காரியம் என்று அவள் நினைக்கவில்லை. ஆடு ஓட்டிக்கொண்டு போவதைவிட இது சுலபம், இதுகள் வேலி தாண்டி மேயப் போவதில்லை என்று மெஸ்ஸில் சொல்லிச் சிரிப்பாள். அவளை வாயடைக்க வைத்தது வேறு.

பௌர்ணமி நாட்களில் பஸ்ஸெல்லாம் டவுனுக்கு வெளியிலேயே நின்றுவிடும். அன்றைக்கு அவளே டவுனுக்குள் போய்ப் பெண்களை அழைத்து வருவாள். கிரிவலத்துக்கு வருகிற கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டு வரும்; இவர்கள் ஒருத்தி பையை ஒருத்தி பிடித்துக்கொண்டு அதற்கு எதிராக நடப்பார்கள். அப்படி ஒரு புரட்டாசிப் பௌர்ணமியன்று கூட்டத்தைத் தாண்டி ஏரிக்கரை மேல் ஏறியபோது எழில் கேட்டாள்.

"அத்த, பௌர்ணமி அன்னைக்கு மட்டும் ஏன் இந்தப் பக்கம் சூரியன் எறங்கறப்பவே அந்தப் பக்கம் நெலா ஏறுது?"

"சாமி அப்படி வச்சிருக்குது" என்றாள் திரௌபதி. அவளுக்குத் தெரிந்தது அதுதான். எத்தனை பௌர்ணமிக்கு மலையைச் சுற்றியிருப்பாள்! கேட்கவேண்டும் என்றே தோன்றியதில்லை.

அபிநயா நின்றாள். "அத்த, மலையப் பாத்தா மாதிரி நில்லுங்க" என்று அவள் தோளைப் பிடித்துத் திருப்பினாள். மலைக்குப் பின்னால் சூரியன் பாதி போயிருந்தது. "இப்ப முதுகுப் பக்கம் இன்னா இருக்குது?"

"நெலா."

"சூரியன் முன்னால, நெலா பின்னால, நடுவுல நாம. நாம நிக்கற இந்தப் பூமிதான் நடுவுல கீது. சூரியன் வெளிச்சம் நம்மளத் தாண்டிப் போயி நேரா நெலா மூஞ்சில அடிக்குது. அதான் முழுசாத் தெரியுது. எதிரெதிரா இருக்கறதுனால இது எறங்கறப்ப அது ஏறுது."

திரௌபதி மலையைப் பார்த்தாள். திரும்பி ஏரியைப் பார்த்தாள். தண்ணீருக்கு மேலே நிலா, செம்பு நிறத்தில், தாம்பாளம் அளவுக்கு எழும்பிக்கொண்டிருந்தது. காலுக்கு அடியில் இருக்கிற மண் ஒரு பெரிய உருண்டை என்பதும், அது வானத்தில் சும்மா மிதந்துகொண்டு இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கிறது என்பதும் அவளுக்கு அந்த நிமிஷம் உடம்பிலேயே தெரிந்தது. விழுந்துவிடுவோமோ என்று பக்கத்தில் நின்ற எழிலின் கையைப் பிடித்துக்கொண்டாள். இதை ஒரு புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள், அதை இந்தக் குட்டிகள் தினமும் முதுகில் சுமந்துகொண்டு தன் கூடவே நடக்கிறார்கள் என்ற நினைப்பு வந்ததும், அவளுக்குக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல இருந்தது. நிலாவையா, அபிநயாவையா என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை.

அந்த அபிநயாவைத்தான் பிளஸ் ஒன் படிக்கும்போது நிறுத்தினார்கள்.

பெங்களூரில் வேலை செய்கிற தூரத்து உறவுக்காரப் பையன். தை மாதம் கல்யாணம் என்று பேசி முடித்துவிட்டார்கள். அபிநயாவுக்குப் பதினெட்டு ஆகவில்லை. கார்த்திகை தீபக் கூட்டமெல்லாம் ஓய்ந்து பள்ளிக்கூடம் திறந்த நாளன்று டேங்க் பக்கத்தில் அவள் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. அன்று சாயங்காலம் திரௌபதி அவள் அப்பா முருகையனைத் தேடிப்போனாள். முருகையன் கெட்ட மனுஷன் கிடையாது. குடிக்க மாட்டார், மகள்மேல் உயிர். கொட்டகையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இன்னும் ஒரு வருஷந்தான. முடிச்சுடட்டுமே."

"ஒரு வருஷம் நீ கூட நடப்ப. அதுக்கப்புறம்? காலேஜுக்கும் கூட நடப்பியா? வழியில எதுனா ஆயிடுச்சுன்னா நாளைக்கு யாரு பதில் சொல்றது? நீ சொல்லுவியா?"

திரௌபதி வீட்டுப் பக்கம் பார்த்தாள். கதவோரம் ஆதிலட்சுமி நின்றிருந்தாள். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே விளக்கு எரிந்தது, அபிநயா வெளியே வரவில்லை. திரௌபதி வீட்டுக்கு வந்து, "என்னால முடியலடி" என்று கவிநிலாவிடம் சொன்னாள்.

"ஆயிரத்துத் தொண்ணூத்தெட்டுன்னு கொழந்தைங்க ஹெல்ப்லைன் கீது, அதுக்கு போன் போட்டா வந்து நிறுத்திடுவாங்கம்மா. ஆனா அபி வேணாங்கிறா. எங்கப்பாவ போலீஸ்ல விட்டுடாதீங்கடின்னு அழறா."

அதற்குமேல் கவிநிலா பேசவில்லை. அவள் எப்போதுமே அதிகம் பேசாதவள். செல்போனை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் காலை எல்லாப் பெண்களும் யூனிபார்மில், தலையில் ரிப்பன் கட்டி, டேங்க் பக்கத்தில் நேரத்துக்கு நின்றார்கள். திரௌபதி வழக்கம்போல ஏரிக்கரைப் பக்கம் திரும்பினாள். பின்னால் காலடிச் சத்தம் வரவில்லை. திரும்பிப் பார்த்தால் அவர்கள் எதிர்ப்பக்கம், ஊருக்குள் போய்க்கொண்டிருந்தார்கள். கவிநிலா முன்னால் போனாள்.

"ஏய்! எங்கடி போறீங்க? பஸ் போயிடும்!"

அவர்கள் முருகையன் வீட்டு முன்னால் போய் நின்றார்கள். கத்தவில்லை, கதவைத் தட்டவில்லை. பையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டு, தெருவில் வரிசையாக உட்கார்ந்தார்கள். திரௌபதி தெருவை இரண்டு பக்கமும் பார்த்தாள். தான் சொல்லிக்கொடுத்துத்தான் செய்கிறார்கள் என்று ஊரே நினைக்கும். ஓடிப்போய் மகளின் தோளைத் தொட்டாள்.

"எழுந்துருடி. வேணாம். வம்பாயிடும்."

"அபி வரட்டும்மா. வந்ததும் போயிடலாம்."

முருகையன் வெளியே வந்தார். முதலில் அவருக்கு விளங்கவில்லை. விளங்கியதும் முகம் கறுத்தது. "இன்னா இது? யாரு வீட்டு வாசல்ல வந்து இன்னா பண்றீங்க? போங்க அவங்கவங்க வேலையப் பாத்துக்கினு!" என்று சத்தம் போட்டார். கவிநிலா பையிலிருந்து புத்தகத்தை எடுத்துப் பிரித்தாள். எல்லோரும் எடுத்தார்கள். பிறகு வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தார்கள்.

ஒருத்தி திருக்குறள் மனப்பாடம் செய்தாள். ஒருத்தி கணக்குச் சூத்திரம் சொன்னாள். எழில் இங்கிலீஷ் பாடத்தை எழுத்துக் கூட்டி, தொண்டை கிழியப் படித்தாள். தெருவில் ஒரு வகுப்பறை மொத்தமும் வந்து உட்கார்ந்துவிட்ட மாதிரி இருந்தது. பால் ஊற்ற வந்தவர்கள் நின்றார்கள். அடுத்த தெருவிலிருந்து பெண்கள் இடுப்பில் குடத்தோடு வந்து நின்றார்கள். முருகையன் கத்திப் பார்த்தார். ஆனால் யாரைப் பார்த்துக் கத்துவது? எதிர்த்துப் பேசினால் அடக்கலாம். படித்துக்கொண்டிருக்கிற பிள்ளையை என்ன சொல்லி அடக்குவது?

வெயில் ஏறியது. கவிநிலா உயிரியல் பாடத்தில் இருதயத்தைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தாள். "வலது வெண்ட்ரிக்கிளிலிருந்து இரத்தம் உடல் முழுவதும்..." என்று சொல்லித் தடுமாறி நின்றாள். மறந்துதான் போனாளா, வேண்டுமென்றே நின்றாளா என்று திரௌபதிக்கு இன்றுவரை தெரியாது.

வீட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"வலது இல்ல, இடது. வலதுலருந்து நுரையீரலுக்குப் போவுது. அங்க சுத்தமாயி, இடதுக்கு வந்து, அங்கருந்துதான் உடம்பு முழுக்கப் போவுது."

குரல் உடைந்திருந்தது. ஆனால் நிற்கவில்லை. அறைகளின் பெயர், வால்வுகளின் பெயர், குழாய்களின் பெயர் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனது. வெளியே படித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருத்தியாக நிறுத்தினார்கள். தெருவே அமைதியாகிவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண் மனுஷ உடம்பு எப்படி ஓடுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் அவளைப் பெற்றவர் நெஞ்சில் ஒரு கையை வைத்துக்கொண்டு, தான் அப்படி வைத்திருப்பது தெரியாமலே, கேட்டுக்கொண்டு நின்றார்.

அப்போது ஆதிலட்சுமி வெளியே வந்தாள். கையில் அபிநயாவின் புத்தகப் பை. கணவனை நிமிர்ந்துகூடப் பார்க்காத பெண் அவள். வாசற்படி இறங்கி, கவிநிலாவுக்குப் பக்கத்தில் காலியாக விட்டிருந்த இடத்தில் அந்தப் பையை வைத்தாள். திரும்பிப் போய்க் கதவை விரியத் திறந்து, அது மூடாதபடி கதவில் முதுகைக் கொடுத்து நின்றுகொண்டாள்.

"பொண்ணு வெளிய வருது. வழி விடுங்க" என்றாள்.

முருகையன் பெண்டாட்டியைப் பார்த்தார். தெருவில் உட்கார்ந்திருந்த பெண்களைப் பார்த்தார். பிறகு, யாரிடமோ சொல்வதுபோல, "பரீட்ச முடியட்டும். அப்புறம் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

அபிநயா வீட்டு நைட்டியோடு, செருப்பில்லாமல் ஓடிவந்தாள். பெண்கள் எழுந்து அவளைச் சுற்றிக்கொண்டார்கள். எழில்தான் பெரிய சத்தத்தோடு அழுதாள். யூனிபார்ம் மாட்டிவரச் சொல்லி அவளைத் திரும்ப உள்ளே அனுப்பினார்கள்.

அன்று ஏரிக்கரையில் திரௌபதி முதல்முறையாகப் பின்னால் நடந்தாள். முன்னால் போகிற அந்த ரிப்பன் கட்டிய தலைகளைப் பார்த்துக்கொண்டே போனாள். இவர்களை நான் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று நினைத்திருந்தோமே என்று ஆச்சரியமாக இருந்தது. நான் போய்க் கேட்டும் அசைக்க முடியாததை, ஒரு கெட்ட வார்த்தை பேசாமல், ஒரு கல்லை எடுக்காமல், பாடத்தைப் படித்தே நகர்த்திவிட்டார்களே. யார் சொல்லிக்கொடுத்தது? எந்த இடத்தில் இதைக் கற்றுக்கொண்டார்கள்? பெற்ற மகளின் முதுகைப் பார்க்கவே அவளுக்குக் கொஞ்சம் பயமாக, பயத்தைவிட அதிகமாகப் பெருமையாக இருந்தது.

மாப்பிள்ளை வீட்டார் கோபித்துக்கொண்டு வேறு இடம் பார்த்தார்கள். முருகையன் இரண்டு மாதம் திரௌபதியோடு பேசவில்லை. பிறகு ஒருநாள் மழையில் ஏரிக்கரை சேறாகிக் கிடந்தபோது, காலையில் அவரே மண்வெட்டியோடு வந்து வழிக்குக் கப்பிக்கல் கொட்டிக்கொண்டிருந்தார். "வழுக்குது, பாத்து இட்டுக்கினு போ" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

அந்தப் பெண்கள் அதோடு நிற்கவில்லை. பிளஸ் டூ பரீட்சை முடிந்த கையோடு, ஒரு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கும் நாளில், எல்லோரும் சேர்ந்து போனார்கள். பஸ் நேரத்தை மாற்றவேண்டும் என்று கேட்டார்கள். திரௌபதி கூடப் போனாள், ஆனால் பேசவில்லை. பேச வேண்டியிருக்கவில்லை. மனுவை வாங்கிய அதிகாரி, "நீங்கதான் பிளஸ் டூ முடிச்சிட்டீங்களே, இனிமே உங்களுக்கு எதுக்கும்மா இந்த பஸ்?" என்று கேட்டார். "எங்களுக்கு இல்ல சார், இவங்களுக்கு" என்று கவிநிலா எழிலையும் சின்னவர்களையும் முன்னால் நகர்த்தினாள். அதற்குப் பிறகும் இரண்டு மூன்று தடவை கலெக்டர் ஆபீசுக்கு நடந்தார்கள்.

அடுத்த வருஷம் ஜூனில் நேரம் மாறியது. அபிநயா அதற்குள் நர்சிங் படிக்கப் போயிருந்தாள். கவிநிலா டவுன் அரசுக் கலைக்கல்லூரியில் இயற்பியல் எடுத்திருந்தாள். பஸ் இனிமேல் உள்ளே இருக்கிற மூன்று சிற்றூர்களைச் சுற்றிக்கொண்டு, பள்ளிக்கூட நேரத்துக்கு முன்னாலேயே கல்லேரிமேட்டுக்கு வரும் என்றார்கள்.

முதல் நாள் திரௌபதிக்கு நடக்கவேண்டிய வேலை இல்லை. இருந்தும் விடிந்ததும் குளித்துத் தலை வாரிக்கொண்டு டேங்க் பக்கம் வந்து நின்றாள். மெஸ்ஸுக்கு அவளும் அதே பஸ்ஸில்தான் போகவேண்டும். எழிலும் மற்றவர்களும் ரோட்டை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வளைவில் திரும்பியது. நின்றது. திரௌபதி படியில் ஏறி உள்ளே பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

பஸ் ஏற்கெனவே நிறைந்திருந்தது. முன்னாலிருந்து பின்னால் வரை பெண்பிள்ளைகள். சிலர் புது யூனிபார்மில், சிலர் அக்காவின் பழைய யூனிபார்மைப் பிடித்துத் தைத்துப் போட்டுக்கொண்டு, சிலர் இன்னும் யூனிபார்ம் வாங்காமல் வண்ணச் சுடிதாரில். மடியில் பையை இறுக்கிக்கொண்டு, இரண்டு பேர் இடத்தில் மூன்று பேராக, ஜன்னலுக்கு வெளியே தெரிகிற மலையைப் பார்த்துக்கொண்டு. ஒருத்தி முகமும் அவளுக்குத் தெரியாது. இத்தனை வருஷம் தன் ஊர்ப் பெண்களோடு நடந்தபோது, ஏரிக்கு அந்தப் பக்கம், காட்டோரத்தில் இருக்கிற அந்த ஊர்களை ஒருநாளும் அவள் நினைத்துப் பார்த்ததில்லை.

"ஏறுமா, ஏறுமா, நேரமாவுது" என்று கண்டக்டர் பின்னாலிருந்து சொன்னார்.

திரௌபதி ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்குப் பதினாலு பதினைந்து வயது இருக்கும். நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"ஏன்டி கண்ணு" என்று உட்கார்ந்துகொண்டே கேட்டாள் திரௌபதி. "இத்தன பேரும் இவ்ளோ நாளு எங்கடி இருந்தீங்க?"

அந்தப் பெண் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள், இது என்ன கேள்வி என்பதுபோல.

"வீட்லதான் இருந்தோங்க" என்றாள்.

பஸ் கிளம்பியது. திரௌபதி அவள் பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். புதுப் புத்தகங்கள், நல்ல கனமாக இருந்தது.